அந்த முப்பத்தொரு பவுண்டு மீனை நான் தனியாகப் பிடிக்கவில்லை

மெஸ்கீட் தெரு,
அணைக்குக் கீழ் குடியிருப்பு, அரிசோனா.
ஜனவரி 21

'ஆற்றங்கரை வார முரசு' ஆசிரியர் திருமதி கார்லீன் விட்மோர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

வணக்கம். தங்களுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, படியேற ஆரம்பித்துவிட்டீர்கள் என்று என் மனைவி மார்லிஸ் சொன்னாள். மிக்க மகிழ்ச்சி. நானும் அவளும் நலம். எனக்கு ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் உண்டு. அதற்கும் தங்கள் பத்திரிகைக்கும் பாதிச் சம்பந்தம்தான் இருக்கிறது என்பதால் தாங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இம்மாதம் பத்தாம் தேதி இதழின் ஆறாம் பக்கத்தில் என் படம் வந்தது. கையில் மீன், முகத்தில் அசட்டுச் சிரிப்பு. கீழே, 'ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆய்வாளர் ஆர்வில் டாக்கெட், தன் திறமையால் தனியொருவராகக் கரைசேர்த்த 31 பவுண்டு வரிப்பாஸ் மீன்' என்று போட்டிருந்தீர்கள். இதில் என் பெயர் சரி. ஓய்வுபெற்றது சரி. எடையும் சரி, தராசை நானே இரண்டு முறை சோதித்தேன். 'திறமையால்' என்பது தவறு. 'தனியொருவராக' என்பது பெரிய தவறு. 'கரைசேர்த்த' என்பது விவாதத்துக்குரியது. முப்பத்துநான்கு வருடம் லிஃப்டுகளைச் சோதித்து, இது பத்திரமானது என்று கையெழுத்துப் போட்டவன் நான். ஒரு போல்ட் ஆடினாலும் போடமாட்டேன் என்று கட்டட முதலாளிகள் என்னை வைத திட்டெல்லாம் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவன் பெயருக்குப் பக்கத்தில் ஆடுகிற சொற்கள் இரண்டு மூன்று நிற்பது எனக்குச் சோறு இறங்காத விஷயமாகிவிட்டது. பத்திரிகை வந்த அன்றே மார்லிஸிடம், "இந்த வார்த்தையெல்லாம் யார் போட்டது?" என்று கேட்டேன். "நான்தான் எழுதி அனுப்பினேன். நாப்பத்தோரு வருஷத்துல உன்னப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை எழுத இப்பத்தான் எனக்கு ஒரு சான்ஸ் கெடச்சுது ஆர்வில், அதையும் கெடுக்காத" என்றாள். ஆகவே தவறு தங்களுடையது அல்ல. என் மனைவியுடையது என்றும் நான் எழுத்தில் கொடுக்கத் தயாராக இல்லை. நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஓய்வுபெற்ற பிறகு எனக்குச் சோதிக்க லிஃப்ட் இல்லாததால் வீட்டைச் சோதிக்க ஆரம்பித்தேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவு எத்தனை முறை திறந்து மூடினால் தளரும், தண்ணீர்க் குழாய் எந்த நேரத்தில் முனகுகிறது, மார்லிஸ் உட்காரும் ஆடுநாற்காலி இடது பக்கம் ஏன் அதிகம் சாய்கிறது, இப்படி. நாற்காலியைப் பிரித்துப் போட்ட அன்று அவள், "ஒண்ணு நீ வெளிய போ, இல்ல நான் வெளிய போறேன். எனக்கு இந்த வீடு புடிச்சிருக்கு. அதனால நீ போ" என்றாள். போனேன். தெரு முடிகிற இடத்தில் ஆறு. அங்கேதான் ஒரு பாறையின் மேல், அகலத் தொப்பியும் ஆண்கள் சட்டையுமாக ஒரு பெண்மணி நின்றுகொண்டு, செருப்பு நீளத்துக்கு ஒரு ட்ரவுட் மீனைத் தூண்டிலில் கட்டி ஆற்றில் வீசுவதும் இழுப்பதுமாக இருந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் திருமதி லூபே அர்விசுதான் அவர். அக்கரையில் ஒரு சூதாட்ட விடுதியில் முப்பது வருடம் சீட்டுப் போட்டுக் கொடுத்தவர். எதிராளியின் முகத்தைப் பார்த்தே கையில் என்ன சீட்டு என்று சொல்லுவாராம். மீனுக்கு முகம் இருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

அந்த ட்ரவுட் மரத்தில் செய்தது. அவரே செதுக்கி, நடுவில் இரண்டாக வெட்டிக் கீல் வைத்து, நகப்பூச்சால் வண்ணம் தீட்டியது. தண்ணீரில் இழுத்தால் வாலை ஆட்டிக்கொண்டு நீந்துகிறது. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, மூன்று நாள் தூக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் குளிர்காலத்தில் மீன் லாரி வந்து, பெரிய குழாய் வழியாக ஆயிரம் நிஜ ட்ரவுட்டுகளை ஆற்றில் கொட்டிவிட்டுப் போகிறது. லாரியின் சத்தம் கேட்டதுமே வரிப்பாஸ்கள் ஆழத்திலிருந்து கிளம்பி வந்து, கல்யாணப் பந்தியில் முதல் வரிசை பிடிக்கிற மாதிரிக் காத்திருக்கின்றன. அப்படிச் சுற்றிலும் நிஜச் சாப்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போது, மூளையுள்ள ஒரு மீன் எதற்காகக் கட்டையைக் கடிக்கவேண்டும்? அவரிடமே போய்க் கேட்டேன். கட்டை எந்த மரம், கீல் எத்தனை, ஏன் நகப்பூச்சு, ஏன் இந்தப் பாறை என்று கூடவே கேட்டேன்.

"யோவ், நீ மீன் புடிக்க வந்தியா, சென்சஸ் எடுக்க வந்தியா?" என்றார்.

"தெரிஞ்சுக்கத்தான் மிஸஸ் அர்விசு."

"ஆயிரம் பேரு ரோட்டுல ஓடுறான். ஒருத்தன் மட்டும் நொண்டுறான். நீ யாரப் பாப்ப?"

"நொண்டுறவனை."

"அவ்வளவுதான். போ, வீட்டுல தேடுவாங்க."

நான் போகவில்லை. மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். கடைசியில், நான் கேள்வி கேட்பதை நிறுத்த அது ஒன்றுதான் வழி என்று, தன் பழைய தூண்டில் கம்பையும் ஒரு மர ட்ரவுட்டையும் என் கையில் திணித்தார். என் முதல் வீச்சு அவர் தொப்பியைக் கொண்டுபோனது. இரண்டாவது, பின்னால் இருந்த கருவேல மரத்தில் போய்ச் சிக்கியது. மூன்றாவதுதான் ஆற்றில் விழுந்தது, கூடவே அவருடைய காபிக் குடுவையும். "பரவால்ல இன்ஸ்பெக்டர், ஆறு எந்தப் பக்கம்னு கண்டுபுடிச்சிட்ட" என்றார். இந்த வயதில் எனக்கு இந்த ஊரில் கிடைத்த ஒரே நட்பு என்று அதைச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்குச் சீட்டாட வருவார். மார்லிஸும் நானும் தோற்போம். அவர் கொண்டுவரும் பன்றிக்கறி தமாலேயைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரமும் தோற்கக் காத்திருப்போம்.

அந்த மர ட்ரவுட் எவ்வளவு தத்ரூபமானது என்பதற்கு ஒரு சம்பவம். ஒருநாள் மீன்வளக் காவலர் ஒருவர் (நல்ல மனிதர், பெயர் வேண்டாம்) தூரத்திலிருந்து தொலைநோக்கியில் என்னைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். "உயிரோட இருக்கற ட்ரவுட்ட இரையா மாட்டக்கூடாதுன்னு தெரியாதா சார் உங்களுக்கு?" என்றார். நான் ட்ரவுட்டைப் பாறையில் டொக் டொக் என்று தட்டிக் காட்டினேன். அவர் வாங்கித் தானும் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இது எங்க கெடைக்கும்?" என்று கேட்டார். "கெடைக்காது" என்றார் திருமதி அர்விசு, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இனி நான் சொல்லப்போவது இதுவரை மார்லிஸுக்கும் தெரியாது. ஜனவரி நான்காம் தேதி, வியாழக்கிழமை மத்தியானம், மார்லிஸ் கடைக்குப் போயிருந்தபோது, அந்தக் கட்டை எப்படித்தான் நொண்டுகிறது என்று பார்த்துவிடுவது என்று சமையலறை மேசையில் வைத்துப் பிரித்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கீலைக் கழற்றினேன், வாலைக் கழற்றினேன், வயிற்றுக்குள் ஒரு மூடி இருந்தது, அதையும் கழற்றினேன். எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, எண் போட்டு, திரும்ப மாட்டியபோது ஒரு ஈயத்துண்டு மிச்சம் இருந்தது. லிஃப்ட் வேலையில் இப்படி ஒன்று மிச்சமானால் கட்டடத்தையே காலி செய்யச் சொல்லுவேன். அன்று அந்தத் துண்டை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. லாரி வந்து போய்விட்டது. காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். என் முதல் வீச்சு இருபது கஜத்தில் விழுந்தது. வழக்கமாக முங்கிப் போகும் மர ட்ரவுட் அன்று முங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, வயிற்றை வானத்துக்குக் காட்டி, சாகப்போகிற மீன் மாதிரி வாலை மட்டும் லேசாக ஆட்டியது. திருமதி அர்விசு கண்ணைச் சுருக்கினார்.

"அது என்னய்யா மெதக்குது? என் மீன் மெதக்காதே."

"காத்து" என்றேன். இந்த விவகாரத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. அதற்குத் தண்டனையோ பரிசோ, உடனே மேலிருந்து வந்தது. ஒரு விராலடிப்பான் பருந்து, கல் விழுகிற மாதிரி நேராக விழுந்து, இரண்டு காலாலும் என் ட்ரவுட்டை அள்ளிக்கொண்டு மேலே எழும்பியது. ஆசிரியரே, நான் லிஃப்டில் எத்தனையோ பேரை மேலே அனுப்பியவன். தூண்டில் கயிறு மேலே போவதை அன்றுதான் பார்த்தேன். கம்பு வானத்தைப் பார்த்து வளைகிறது, ரீல் கிறீச்சிடுகிறது, நான் பட்டம் விடுகிறவன் மாதிரி அண்ணாந்து நிற்கிறேன்.

"இழுக்காத! இழுக்காத! பாவம், கால் அறுந்துரும்! கயித்த விடுய்யா!"

"விட்டா போயிருமே!"

"போவட்டும்! அதுக்கு வாய்க்கல, கட்டைன்னு தெரிஞ்சா தானே போட்டுரும்!"

விட்டேன். பருந்து ஆற்றைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டே இருந்தது. என் ஆயுசுக்கும் நான் வீசமுடியாத தூரம். திருமதி அர்விசுவே வீசமுடியாத தூரம். ரீலின் அடிக்கட்டை தெரிய ஆரம்பித்தபோது, அதற்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். காலைக் குனிந்து பார்த்தது, ஒருமுறை கொத்திப் பார்த்தது (அந்தக் காவலர் தட்டிப் பார்த்த மாதிரியே), பிறகு வெறுத்துப்போய் விரல்களை விரித்தது. ட்ரவுட் அறுபதடி உயரத்திலிருந்து, அக்கரை ஓரத்து ஆழத்தில், தொப்பென்று விழுந்தது. லாரிக் குழாயிலிருந்து விழுகிற மாதிரியே. விழுந்த வட்டம் விரியக்கூட இல்லை, அந்த இடத்தில் தண்ணீர் வாளியளவுக்கு வாயைத் திறந்து மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு என்னவென்றால், விழுந்ததுதான். கம்பு ஒரே இழுப்பாக இழுத்தது, பாசி வழுக்கியது, முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்தேன், வலது பூட்ஸ் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டியது, கம்பு கையைவிட்டுப் போனது. போனது என்றால் ஆற்றோடு போனது. திருமதி அர்விசு யோசிக்கவே இல்லை. தொப்பியோடு குதித்தார். ஜனவரி மாதத்து ஆறு, அணையின் அடியிலிருந்து வருகிற தண்ணீர், எலும்புக்குள் ஊசி ஏற்றும். இடுப்பளவில் நின்று கம்பின் அடியை எட்டிப் பிடித்துவிட்டார்.

"டாக்கெட், கால எடுத்துட்டு வாய்யா!"

"வரல!"

"அப்ப கால்ல மாட்டியிருக்கறத விட்டுட்டு வா!"

பாதி நேரம் அவர்தான் போராடினார். முப்பது வருடம் சீட்டுப் போட்ட தோள் அது. நடுவில் கை மரத்துப்போய், "புடி, சுத்து, நிறுத்தாத, கேள்வி கேக்காத" என்று கம்பை என்னிடம் தந்தார். ஒற்றை பூட்ஸோடு நான் சுற்றினேன். மீன் பாறைக்கு வந்ததும் அவரே மறுபடி இறங்கி, கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கினார். ஏழெட்டுக் கருங்கோடு, பக்கமெல்லாம் வெள்ளி, வாய் நிறைய அவர் செதுக்கிய ட்ரவுட். ஒரு சிறு சிக்கல்: ஆறுதான் மாநில எல்லை, அக்கரைக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். மீன் கடித்த இடம் நெவாடா, அங்கே அப்போது மணி எட்டேகால். கரைக்கு வந்த இடம் அரிசோனா, மணி ஒன்பது முப்பத்தைந்து. கடிகாரப்படி ஒரு மணி இருபது நிமிடம். உண்மையில் இருபது நிமிடம். தங்கள் நிருபர் எந்தக் கணக்கைப் போடுவார் என்று அறிய ஆவல்.

அந்த நேரம் பார்த்துத்தான், நான் மறந்துவிட்டு வந்த ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொண்டு மார்லிஸ் வந்தாள். படம் எடுத்தாள். "லூபே, நீயும் வந்து நில்லேன்" என்று கூப்பிட்டாள். "என் தலை இருக்கற லட்சணத்துல என்னப் படம் எடுத்த, போன் ஆத்துல கெடக்கும்" என்றார் அவர். ஆகவே நான் மட்டும் நின்றேன். பிறகு எடை போட்ட மீனைத் திரும்ப ஆற்றில் விட, வாலைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிராகக் காட்டிக்கொண்டே அவர் என்னமோ ஸ்பானிஷில் முணுமுணுத்தார். அது ஒரு உதறு உதறி அவர் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விட்டது. அப்படி ஒரு சிரிப்பு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

இதுதான் நடந்தது. இப்போது சொல்லுங்கள், பிடித்தது யார்? பருந்து கொண்டுபோய்ப் போடாவிட்டால் மீன் இல்லை. திருமதி அர்விசு குதிக்காவிட்டால் கம்பே இல்லை. நான் இல்லாவிட்டால் என்ன இல்லாமல் போயிருக்கும் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பூட்ஸ் மிச்சமாகியிருக்கும்.

தங்கள் பத்திரிகை வந்த நாளிலிருந்து, பதினொரு நாளாக, திருமதி அர்விசு என்னோடு பேசுவதில்லை. வியாழக்கிழமை தெருவில் கையசைத்தேன்; கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பாறைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சீட்டாட வரவில்லை. மூன்றாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நானும் மார்லிஸும் ஒருவரையொருவர் ஜெயித்தோம், அதில் என்ன இருக்கிறது? மார்லிஸ் எலுமிச்சை கேக் செய்து அனுப்பினாள். தட்டு கழுவித் துடைத்து வாசலுக்கு வந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. இருக்காதா பின்னே? குளிர்ந்த ஆற்றில் குதித்தவர் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை, 'தனியொருவராக' என்று என்னைப் போட்டால் யாருக்குத்தான் மனம் ஆறும்? மார்லிஸும் இப்போது, "அந்த வார்த்தைய நான் போட்டிருக்கக் கூடாதுதான்" என்கிறாள், ஆனால் முணுமுணுப்பாக.

இத்தனைக்கும் ஆற்றங்கரை இப்போது ஒரே கலகலப்பு. அவர் மட்டும் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவார். போன வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு பேரை எண்ணினேன். மடக்கு நாற்காலிகள், குளிர்ப்பெட்டிகள், ஒரு காபி வண்டிகூட. எல்லோரும் தங்கள் பத்திரிகையைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் என் தோளுக்குப் பின்னால் தெரிகிற வெள்ளைக்கோட்டுப் பாறையையும் இடிந்த பம்ப் அறையையும் ஒப்பிட்டுப் பார்த்து, துல்லியமாக அதே இடத்துக்கு வந்து நின்றார்கள். தங்கள் அச்சின் தெளிவுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே கீழ்க்கண்ட திருத்தத்தை முதல் பக்கத்தில் வெளியிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: 'மேற்படி மீன், பம்ப் அறைக்குக் கீழே மூன்றாவது வளைவில், வெள்ளைக்கோட்டுப் பாறைக்கு நேர் எதிரே, அக்கரை ஆழத்தில், லாரி போன நாற்பதாவது நிமிடம், முதுகு ஆலிவ் பச்சையும் விலா இளஞ்சிவப்பு நகப்பூச்சுமாகத் திருமதி லூபே அர்விசு செதுக்கிய பத்தங்குல மர ட்ரவுட்டில், வயிற்று ஈயம் இல்லாமல் மேலே மிதக்கவிட்டதால், ஒரு பருந்தின் உதவியோடு, அவராலேயே பிடிக்கப்பட்டது.' வாசகர்களுக்கு ஐயம் வராதிருக்க, அளவுகோல் வைத்து நான் வரைந்த வரைபடம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

தங்கள் முழங்கால் நூறு வருடம் உழைக்கவும், தங்கள் பத்திரிகை ஆற்றைப்போல வற்றாமல் ஓடவும், தங்கள் குடும்பத்தார் எல்லோரும் சுகமாயிருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் உண்மையுள்ள,
ஆர்வில் டாக்கெட்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தட்டச்சு செய்து முடித்ததும், சம்பந்தப்பட்டவர் முதலில் பார்ப்பதுதான் முறை என்று, திருமதி அர்விசுவின் கதவைத் தட்டிக் கையில் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். வரைபடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்கெட், என் பேரு வரலன்னு கோவிச்சுக்கிட்டேன்னா நெனச்ச?"

"ஆமா மிஸஸ் அர்விசு."

"பேரு வேணும்னு நான் யாருகிட்டய்யா அழுதேன்? என் பாறை மேல நாப்பத்திரண்டு பேரு நிக்கிறான்! முப்பது வருஷமா புருஷன்கிட்டகூடச் சொல்லாம வச்சிருந்த எடம். உன் தோளுக்குப் பின்னால அம்புட்டும் தெரியுது. சரி, அவ தெரியாம அனுப்பிட்டா, ரெண்டு வாரத்துல மறந்துருவானுங்கன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ என்னடான்னா அளவு வச்சு மேப் போட்டுக் கொண்டாந்திருக்க!"

அவர் பென்சிலை எடுத்தார். இடத்தை அடித்தார். நேரத்தை அடித்தார். மர ட்ரவுட்டை அடித்து 'கோழி ஈரல்' என்று எழுதினார். பருந்தை அடித்தார். ஈயம் என்ற இடத்தில் மட்டும் பென்சில் நின்றது; என்னை ஒரு பார்வை பார்த்தார்; பிறகு அதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தி அடித்தார்.

"இப்படித் திருத்தினா கடிதத்துல என்ன மிச்சம் இருக்கும்?" என்றேன்.

"ஆரம்பத்துல 'வணக்கம்'னு போட்டிருக்கியே, அது நல்லாருக்கு. அதைப் போடச் சொல்லு."

ஆகவே அம்மையீர், மேற்கண்ட கடிதத்தில் 'வணக்கம்' என்பதையும் என் கையெழுத்தையும் தவிர வேறு எதையும் வெளியிட வேண்டாம். வரைபடம் இணைக்கப்படவில்லை, அது அவருடைய அடுப்பில் இருக்கிறது. படத்தின் கீழ் 'தனியொருவராக' என்று இருந்தது மிகச் சரி. யாராவது கேட்டால், ஊருக்குத் தெற்கே பன்னிரண்டு மைலில், படகுத்துறைப் பாலத்துக்கு அடியில் இருக்கும் சேற்றுக் குட்டையில், கோழி ஈரலில் பிடித்ததாக நானே தங்களிடம் நேரில் வந்து சொன்னதாகச் சொல்லிவிடவும். வரும் வெள்ளிக்கிழமை காலை நானும் திருமதி அர்விசுவும், எல்லோரும் பார்க்கும்படி, அங்கேதான் நாற்காலி போட்டு உட்காரப் போகிறோம். மீனே இல்லாத தண்ணீரில் ஒன்றைப் பிடித்துக் கொண்டிருக்கிற மாதிரி, கூட்டத்தில் நொண்டுகிறவன் போல இடது பக்கமாகச் சாய்ந்து, எப்படிப் பதற்றமாக உட்காருவது என்று காலையிலிருந்து எனக்குச் சொல்லித்தருகிறார். நாற்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆவலாக இருக்கிறது.